கலங்கிய கள்ளும் ஒரு சிவப்புக் கோடும்



தமிழாசிரியன் ஒருவன் மதுவைப் பற்றி எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். நான் மது அருந்தும் பழக்கம் இல்லாதவன். பிறரை அருந்தச் சொல்லவும் இதை எழுதவில்லை. என் வகுப்பறையில் நான் செய்த பிழை ஒன்று, சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றின் ஒரு பக்கத்தைத் தேடிப் படிக்க வைத்தது. அதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பொங்கோலில் ஞாயிறுதோறும் உயர்நிலை மாணவர்கள் சிலருக்குத் தமிழ் கற்பித்து வருகிறேன். சென்ற ஆண்டு, "என் குடும்ப வரலாறு" என்னும் தலைப்பில் கட்டுரை எழுதி வரச் சொன்னேன். மாணவி ஒருத்தி தன் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி எழுதியிருந்தாள். அவர் தஞ்சைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, இங்கே சாலை போடும் வேலை செய்தவர். அக்கட்டுரையில் இரண்டு வரிகள் இருந்தன. மாலையில் வேலை முடிந்ததும் அவர் கள்ளுக்கடைக்குப் போவார் என்பது ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு ஊரிலிருந்து வரும் கடிதங்களை அக்கடையில்தான் ஒருவர் படித்துக் காட்டுவார் என்பது மற்றொன்று.

அவ்விரண்டு வரிகளையும் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் "தேவையற்ற செய்தி" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் வகுப்பு முடிந்தபின் அவள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "ஐயா, எங்க அப்பா ஜப்பானிலிருந்து வெள்ளையா ஒரு மது வாங்கிட்டு வந்திருக்கார். வீட்டுக்கு வர்றவங்களுக்கு அதோட வரலாற்றை எல்லாம் சொல்றார். அதைப் பத்தி எழுதினா அடிக்க மாட்டீங்கதானே? கள்ளு மட்டும் ஏன் தேவையில்லாத செய்தி?" என்று கேட்டாள்.

எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று மாணவர்கள் சொல்வதுபோல, படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

ஜப்பானியரின் கலங்கல் மது

சில நாள்களில் அம்மாணவியின் தந்தை என்னைத் தம் வீட்டிற்கு அழைத்தார். மகள் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் போலும். அவர் குளிர்பதனப் பெட்டியிலிருந்து அந்தப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். மேற்பாதி தெளிந்த நீர்போல இருந்தது. அடியில் வெண்மையான மண்டி படிந்திருந்தது. புட்டியை மெல்லத் தலைகீழாகச் சாய்த்து நிமிர்த்தினார். உள்ளே இருந்தது வடித்த கஞ்சிபோல வெண்மையாயிற்று.

சாக்கே என்பது அரிசியிலிருந்து செய்யப்படுவது. அரிசியில் மாவுச்சத்து உண்டே தவிர, புளிப்பதற்கேற்ற சர்க்கரை இல்லை. ஆகவே வேகவைத்த அரிசியின் ஒரு பகுதியில் கோஜி என்னும் ஒருவகைப் பூஞ்சையை வளர்க்கின்றனர். அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்ற, ஈஸ்ட் அச்சர்க்கரையை மதுவாக மாற்றுகிறது. இரண்டும் ஒரே கலனில் ஒரே சமயத்தில் நிகழ்வது இதன் சிறப்பு. புளித்து முடிந்த கூழைத் துணியிட்டுப் பிழிந்தால் தெளிந்த சாக்கே கிடைக்கும். கண்ணிடை அகன்ற துணியில் வடித்து, மண்டியில் ஒரு பகுதியை இருக்கவிட்டால் அது நிகோரி. அச்சொல்லுக்கே கலங்கல் என்பதுதான் பொருள். வடிகட்டாத மது என்று பலர் இதைக் குறிப்பிட்டாலும், ஜப்பானியச் சட்டப்படி வடித்தால்தான் அது சாக்கே வகையில் சேரும். அறவே வடிக்காமல் கூழோடு குடிப்பதற்குத் தொபுரோக்கு என்று வேறு பெயர் உண்டு. நிகோரியைக் குளிரவைத்து, மண்டியைக் கலக்கி அருந்துவர். இனிப்பும் கொழகொழப்பும் அதன் சுவை என்று அந்நண்பர் விளக்கினார். சூடுபடுத்திப் பதப்படுத்தாத வகையில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும் என்பதால் மூடியைச் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டுமாம்.

பிறகு நான் படித்தறிந்த செய்தி ஒன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. தொபுரோக்கு ஜப்பானிய உழவர்கள் தம் வீடுகளில் தாமே காய்ச்சிக் குடித்த எளிய பானம். மீஜி அரசு 1899-ஆம் ஆண்டு வீட்டில் மது செய்வதை முற்றிலும் தடை செய்தது. அக்காலத்தில் அவ்வரசின் பெரும் வருவாய் மதுவரியே. உழவன் தன் வீட்டில் செய்துகொண்டால் வரி எப்படி வரும்? தடைக்குப்பின் தொபுரோக்கு ஒளித்துக் குடிக்கும் நாட்டுப்புறச் சரக்காகிப் பெயர் இழந்தது. சிரகவாகோ போன்ற ஊர்களில் கோவில் திருவிழாவுக்கென மட்டும் அனுமதி பெற்று அது தொடர்ந்தது. 1960களில் கியோத்தோவின் மதுவாலை ஒன்று, சட்டத்துக்கு உட்பட்டு அகன்ற கண்ணில் வடித்த நிகோரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2000களின் தொடக்கத்தில் சிறப்பு மண்டலங்கள் அமைத்து, உழவர்கள் தம் விருந்தினர் இல்லங்களில் தொபுரோக்கு செய்யவும் உரிமம் வழங்கினர். இழிவென ஒதுக்கப்பட்ட ஒன்று நூறாண்டுகளில் மரபுச் செல்வம் ஆயிற்று. அந்தப் புட்டியும் அப்படித்தான் பொங்கோல் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

தமிழில் கலங்கலும் தெளிவும்

இதே வேறுபாடு நம் மொழியிலும் உண்டு என்பதை ஆசிரியர்கள் அறிவர். கள், நறவு, மட்டு, அரியல், தேறல், தோப்பி எனச் சங்க நூல்கள் பல பெயர்களைத் தருகின்றன. தேறல் என்பது தேறிய, அதாவது தெளிந்த கள். அரியல் என்பது அரித்து வடித்தது. தோப்பி என்பது நெல்லிலிருந்து வீட்டில் சமைத்த கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அதைச் செய்யும் முறையே காணப்படுகிறது. அரிசிக் கூழை அகன்ற தட்டில் ஆறவைத்து, முளைநெல் அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்து வடித்தெடுப்பர் என்று புலவர் விவரிக்கிறார். ஜப்பானியரின் கோஜி இருக்குமிடத்தில் நம்மவர்க்கு முளைநெல். மற்றபடி இரண்டும் நெருங்கிய உறவினவே. வலைஞர் குடியிருப்புக்கு வரும் பாணர்க்குச் சுட்ட மீனோடு அளித்த விருந்து அது.

அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல், அவன் கள்ளைப் பகிர்ந்தளித்த அன்பை நினைந்துதான் தொடங்குகிறது. அதே மொழியில்தான் திருவள்ளுவர் கள்ளுண்ணாமை என்று தனி அதிகாரமும் வகுத்தார். நாம் வகுப்பில் பின்னதைக் கற்பிக்கிறோம். முன்னதைக் கற்பிக்கும்போது கள் வரும் இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் செய்து வந்திருக்கிறேன்.

கூலியோடு வந்த கள்

இனி, என் மாணவியின் கொள்ளுத்தாத்தா குடித்த கள்ளுக்கு வருவோம். அது தென்னங்கள். பாளையை நாரால் கட்டி, மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவினால் சாறு துளித்துளியாகக் கலயத்தில் இறங்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிக்காத பதநீர் கிடைக்கும். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடும். சாற்றிலேயே சர்க்கரை இருப்பதால் கோஜியும் வேண்டாம், முளைநெல்லும் வேண்டாம். சில மணி நேரத்தில் வெளுத்து நுரைத்துக் கள்ளாகும். மறுநாள் கடும்புளிப்பு, அதற்கும் பின் காடிதான். ஆகவே கள்ளைப் புட்டியில் அடைத்துத் தொலைவிடங்களுக்கு அனுப்ப அக்காலத்தில் வழியில்லை. இறக்கிய ஊரிலேயே, அன்றைக்கே குடித்தாக வேண்டும். தொழிலாளர் குடியிருப்புகளை ஒட்டியே கள்ளுக்கடைகள் அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தோட்டங்களிலும் துறைமுகத்திலும் நகராட்சி வேலைகளிலும் ஆயிரக்கணக்கான தமிழர் உழைத்தனர். அவர்களுக்கெனக் கள்ளுக்கடைகள் இருந்தன. யார் நடத்திய கடைகள் என்பதுதான் கேள்வி. ஒளிந்து நடந்தவை அல்ல; ஆட்சியாளர் உரிமத்தோடு நடந்தவை. நகர்ப்புறத்தில் அரசே நடத்தியதும் உண்டு. தோட்டங்களில் உரிமம் பெற்ற கடையின் இலாபம், தொழிலாளர் நலனுக்கு என்று சொல்லி நிதியாகச் சேர்க்கப்பட்டது. பகலெல்லாம் பால்மரம் வெட்டியவன் கூலியில் ஒரு பகுதியைக் கள்ளுக்கடையில் கொடுப்பான். அதில் மிச்சமானதைக் கொண்டு அவனுக்கே நன்மை செய்வர். சீனத் தொழிலாளருக்கு அபின் எப்படியோ அப்படித் தமிழருக்குக் கள். நீரிணைக் குடியேற்றங்களில் அபின் தயாரிப்பையும் விற்பனையையும் 1910-ஆம் ஆண்டு அரசே தன் கையில் எடுத்துக்கொண்டது. கடையை மூடினால் சம்சு என்னும் கள்ளச்சாராயத்தைத் தேடிப் போவார்கள் என்பது கள்ளுக்கடைகளுக்கு ஆதரவாக அக்காலத்தில் சொல்லப்பட்ட வாதம். அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. எனினும் வேறு பொழுதுபோக்கோ பள்ளியோ நூலகமோ இல்லாத இடத்தில் கள்ளுக்கடை ஒன்றை மட்டும் திறந்து வைத்தவர்கள் யார் என்ற கேள்விக்கு அவ்வாதத்தில் விடை இல்லை.

மூடச் சொன்னவர்கள்

கள்ளை எதிர்த்தவர்களும் தமிழர்களே. 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்றனர். பெரியார் தம் தென்னந்தோப்பையே வெட்டிச் சாய்த்தார். அவர் 1929-இன் இறுதியில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சென்றபின், இங்கும் சீர்திருத்த எண்ணம் வேரூன்றியது. 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, 1935-இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். தமிழர் தலைநிமிர வேண்டுமானால் கல்வி வேண்டும், கள் ஒழிய வேண்டும் என்பது அத்தலைமுறையின் உறுதி.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தமிழ் நேசன் இதழோடு தொடர்புடைய ஆர். எச். நாதன் அதன் முன்னணித் தலைவர். சீனருக்கு நிகரான கூலி வேண்டும், வெள்ளைக்கார அதிகாரியைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்ற கோரிக்கைகளோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இடம்பெற்றிருந்தது. படையினர் வரவழைக்கப்பட்டனர், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர், நாதன் நாடு கடத்தப்பட்டார். போருக்குப்பின் கெடா மாநிலத்தில் தொண்டர் படை என்னும் இயக்கம் எழுந்தது. 1947-இல் பீடோங்கில் கள்ளுக்கடையை எதிர்த்துத் திரண்ட அதன் தொண்டர்களோடு காவல்துறை மோதியதில் தொழிலாளர் ஒருவர் உயிர் நீத்தார்.

சைக்கிளிலிருந்து இறங்கமாட்டோம் என்பதும் கள்ளுக்கடை வேண்டாம் என்பதும் ஒரே பட்டியலில் இருந்ததைக் கவனியுங்கள். அவர்கள் கள்ளைத் தனிமனிதரின் ஒழுக்கக் கேடாக மட்டும் கருதவில்லை. தம்மைத் தாழ்த்தி வைத்த ஏற்பாட்டின் ஓர் உறுப்பாகவே கண்டனர். இவ்வரலாறு தெரியாமல் நான் அந்த வரிகளை அடித்தேன். கள்ளுக்கடையைச் சொல்லாமல் இப்போராட்டங்களை எப்படிச் சொல்வது?

சிங்கப்பூரில் கள்ளுக்கடைகள் 1970களோடு மறைந்தன. பீரும் பிற மதுவகைகளும் எளிதில் கிடைத்தன, தொழிலாளர் குடியிருப்புகள் கலைந்து மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றனர், தென்னந்தோப்புகளும் அழிந்தன. தமிழ்நாட்டிலும் 1987 முதல் கள்ளுக்குத் தடை வந்தது. கேரளத்திலும் இலங்கையிலும் கள் உரிமத்தோடு விற்கப்படுகிறது.

பாட்டியம்மா சொன்னது

மீண்டும் அந்த வீட்டிற்கு வருகிறேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டிருந்த மாணவியின் பாட்டியம்மா எழுந்து வந்தார். அந்தக் கொள்ளுத்தாத்தாவின் மகள் அவர், எண்பதை நெருங்கியவர். மகன் கையிலிருந்த கண்ணாடிக் குவளையை வாங்கி மோந்து பார்த்தார்.

"இது அந்த வாடை இல்லே. அது இன்னும் புளிக்கும். எங்கப்பா சட்டையில அந்த வாடைதான் இருக்கும்" என்றார். சற்றுப் பொறுத்து என்னிடம் சொன்னார்: "வாத்தியாரய்யா, கடுதாசி படிச்சுக் கேட்டது அங்கேதான். எங்க பாட்டி செத்துப்போன சேதி அந்தக் கடையிலதான் அவருக்குத் தெரிஞ்சுது. அவரோட வேலை செஞ்சவங்க கைப்பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அதேமாதிரி, சம்பளத்தன்னைக்கு எங்கம்மா அந்தக் கடை வாசல்லதான் என்னைக் கையில பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. உள்ள போகமாட்டாங்க. சில மாசம் ஏதாவது மிஞ்சும், சில மாசம் ஒண்ணும் இருக்காது. எங்கம்மா காதுல தோட்டை நான் பார்த்ததே இல்லே. பிள்ளை எழுதினா ரெண்டையும் எழுதட்டும். ஒண்ணை மட்டும் எழுத வேணாம்."

அவர் மகன் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். தம் பாட்டனாரைப் பற்றி இவற்றை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாராம். ஜப்பானிய உழவரின் மதுவைப் பற்றி அவ்வளவு அறிந்தவர் அவர். வெட்கத்தால் வீட்டில் யாரும் பேசவில்லை. பேசாததால் அடுத்த தலைமுறைக்குத் தெரியவில்லை.

இவ்வெட்கத்தால் வரும் இழப்பு நம் குடும்பத்தோடு முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2013 டிசம்பர் 8-ஆம் நாள் லிட்டில் இந்தியாவில் கலவரம் மூண்டது. அதன்பின் 2015-இல் வந்த சட்டம், பொது இடங்களில் இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை மது அருந்துவதைத் தடை செய்தது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாயின. பொது அமைதிக்கு விதிகள் வேண்டும். அதில் எனக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆனால் அந்நாள்களில் நம்மவர் சிலர், "அவர்கள் குடிகாரர்கள், நாம் வேறு" என்று பேசியதை என் காதால் கேட்டேன். நானும் மறுத்துப் பேசவில்லை. பொங்கோலில் இரயிலேறினால் அதே தடத்தில் லிட்டில் இந்தியா வந்துவிடும். அங்கே ஞாயிறு மாலை புல்தரையில் அமர்ந்து கைப்பேசியில் ஊருக்குப் பேசும் தம்பிக்கும், கள்ளுக்கடையில் கடிதம் படிக்கக் கேட்ட அந்தக் கொள்ளுத்தாத்தாவுக்கும் இடையே உள்ள தொலைவும் அவ்வளவுதான். பாட்டனாரை மறந்தால் அந்தத் தம்பியை அந்நியனாகத்தான் பார்ப்போம்.

பொங்கோல் கடற்கரையில் நினைவுப் பலகை ஒன்று உள்ளது. 1942 பிப்ரவரியில் அங்கே ஜப்பானியப் படையினர் ஏறத்தாழ 300 முதல் 400 சீனரைச் சுட்டுக்கொன்ற செய்தியை அது ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. அவ்வழியே நடைப்பயிற்சி செய்யும் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். ஜப்பானிய உணவையும் விரும்பி உண்கிறார்கள். உண்மையைச் சொன்னதால் யாரும் கெட்டுவிடவில்லை. நம் கள்ளுக்கடைகளைப் பற்றியும் அவ்வாறே நம் பிள்ளைகளிடம் சொல்லலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாணவியின் ஏட்டை வாங்கி, நான் எழுதிய "தேவையற்ற செய்தி" என்பதை அடித்துவிட்டு, "என் பிழை, பாட்டியிடம் மேலும் கேட்டு எழுதுக" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அவள் கட்டுரை இரண்டு பக்கத்திலிருந்து ஐந்து பக்கமாயிற்று. கடிதம் படித்துக் கேட்ட கடையும் அதில் இருக்கிறது; அதன் வாசலில் நின்ற தாயும் இருக்கிறார்.

ஆசிரியர்களே, கள்ளுண்ணாமை அதிகாரத்தைக் கற்பிக்கும் நாளில் கிள்ளான் தொழிலாளரின் கோரிக்கைப் பட்டியலையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். பெற்றோர்களே, உங்கள் வீட்டு மூத்தோர் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். வெட்கப்பட்டு அவர்கள் பேச மறுத்தால் இன்னொரு நாள் மறுபடியும் கேளுங்கள்.